இரண்டு நாள் கதைப் பட்டறை, 2,800 ரூபாய்: ஒரு பத்திர எழுத்தரின் கணக்கு

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 2,800 ரூபாய். பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு இரண்டு நாளும் போய்வந்த பஸ் செலவு தனி. கிடைத்தவை: இரண்டு மதியச் சாப்பாடு, வேளைக்கு ஒன்றாக நான்கு டீ, ஒரு நோட்டு, ஒரு பேனா, 60 பக்க ஜெராக்ஸ் கட்டு, ஒரு சான்றிதழ். அப்புறம், நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு கதையைப் படித்து மூன்று வாரத்துக்குள் கருத்துச் சொல்வதாக ஒரு வாக்குறுதி. நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கு அதே கும்பகோணம் கடைத்தெருவில் எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

நான் 26 வருடமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் எல்லாம் எழுதுவேன். எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் ஆள் உண்டு, சொத்து உண்டு, சாட்சி உண்டு. முகாந்திரம் என்று ஒரு வரியும் உண்டு. ஏன் விற்கிறார் என்பதற்கான காரணம் அங்கே வர வேண்டும். ஆனால் அந்த இடத்தில் நாங்கள் எழுதுவது எப்போதும் ஒரே வரிதான்: எனது குடும்ப அவசியச் செலவுகளுக்காகவும், சில்லறைக் கடன்கள் தீர்க்கும் பொருட்டும். மகன் சீட்டாடித் தோற்றிருந்தாலும் இதே வரி, பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் என்றாலும் இதே வரி. நிஜமான முகாந்திரம் வெளியே பெஞ்சில் டீ குடிக்கும்போது வாய்வழியாக வரும். முத்திரைத்தாளில் ஏறாது.

அப்படி ஏறாமல் போனவற்றைக் கதையாக எழுதினால் என்ன என்று இரண்டு வருடமாக ஓர் ஆசை. பதினொரு கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் மனைவி ஒரு கதையைப் படித்துவிட்டு, "என்னங்க இது, வில்லங்கச் சான்று மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். 1998-இல் இவர் அவருக்கு எழுதிக் கொடுத்தார், 2004-இல் அவர் இவருக்கு எழுதிக் கொடுத்தார், 2011-இல் வழக்கு. தேதி இருந்தது, மனுஷன் இல்லை. மறுவாரம் பட்டறைக்குப் பணம் கட்டினேன்.

இடம் ஒரு லாட்ஜின் மாடி ஹால். 31 பேர் வந்திருந்தோம். இரண்டு ஏசியில் ஒன்று ஓடியது, மைக் அவ்வப்போது கீச்சிட்டது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார வைப்பவர்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் 50-ஐத் தாண்டியவர்கள் என்பதையும் யோசித்திருக்கலாம்.

முதல் நாள் காலை அமர்வை நடத்தியவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். கதை வேறு, கதைப்பின்னல் வேறு என்றார். இங்கிலாந்து நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் சொன்ன உதாரணம் அது. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது வெறும் கதை. அரசன் இறந்தான், அந்தத் துக்கத்தில் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். முதலாவதைக் கேட்பவர் 'அப்புறம்?' என்பார். இரண்டாவதைக் கேட்பவர் 'ஏன்?' என்பார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: கதைப்பின்னல் என்றால் முகாந்திரம். 26 வருடமாக ஒரே வரியை நிரப்பி நான் கோட்டைவிட்ட இடம் அதுதான் என்று அங்கேயே பட்டது.

அப்போது மூன்றாவது வரிசையில் இருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். "ஐயா, இந்த ராஜாவும் ராணியும் மதுரையிலேயே செத்திருக்காங்களே" என்றார். ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் சொன்னார். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், உள்ளேயிருந்து மணி தெறிக்கிறது, தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சொன்ன பாண்டியன், யானோ அரசன், யானே கள்வன் என்று சொல்லி விழுகிறான். அடுத்தது கோப்பெருந்தேவி. அவள் ஏன் விழுந்தாள் என்பதற்கு இளங்கோ முகாந்திரம் எழுதியிருக்கிறார்: கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல். தகப்பனையோ தாயையோ இழந்தவருக்கு வேறொருவரைக் காட்டி இவரை அப்படி நினைத்துக்கொள் என்று தேற்றலாம், கணவனை இழந்தவளுக்கு அப்படிக் காட்ட எதுவும் இல்லை. ஃபார்ஸ்டர் 'துக்கத்தில்' என்று ஒரு சொல்லில் முடித்ததை இவர் ஒரு வரியில் ஒரு பெண்ணின் மனசாகவே எழுதிவிட்டார் என்றார் ஆசிரியர்.

இங்கேதான் என் முதல் புகார். நடத்துநர் அவரைப் பேச விட்டிருக்க வேண்டும். "ரொம்ப நல்ல பாயிண்ட் சார், நேரம் கம்மி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அடுத்த ஸ்லைடில் ஏதோ அமெரிக்கப் படத்தின் போஸ்டர்.

நான் விடவில்லை. மதியச் சாப்பாட்டில் அந்த ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். நான் கட்டிய 2,800-இல் ஆயிரம் ரூபாய் அந்தச் சாப்பாட்டு மேஜைக்கே சரியாகிவிட்டது. வத்தக்குழம்பும் சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். கோவலன் ஏன் செத்தான்? பொற்கொல்லன் பொய் சொன்னான், அதனால். சரி, அரசன் ஏன் விசாரிக்கவில்லை? அங்கே ஒரு தலைவலி வருகிறது. அரசன் நாடக மகளிரின் ஆட்டத்தில் மயங்கினான் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே சொல்லாமல் தலை நோகிறது என்று எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரத்துக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறான். பொற்கொல்லன் வந்து காலில் விழுவது அந்த வாசலில். அரசனின் மனசு உள்ளே இருக்கிறது. தேராமல், அதாவது ஆராயாமல், அந்தச் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு பொய்த் தலைவலி, ஒரு கணவனின் அவசரம். மதுரை எரிந்ததற்கு வேர் அதுதான். பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொண்டு போனவளே கடைசியில் நிஜமாக விழுகிறாள். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் நிகழ்ச்சிகளின் கோப்புதான் முதல், பாத்திரம் அதற்கு அடுத்தது என்று சொல்லியிருப்பதாக ஜெராக்ஸ் கட்டில் போட்டிருந்தார்கள். இந்த வாசல் காட்சியில் எது முதல், எது இரண்டாவது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவன் அப்படிப்பட்டவனாக இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சியே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். சிலம்பு திடீரென்று மதுரையில் முளைக்கவில்லை. புகார் நகரத்தில் மாதவியை விட்டுக் கோவலன் திரும்பி வந்து, குலத்தின் பொருளை எல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தவிக்கிறான் என்று நினைத்து, கண்ணகி சிரித்த முகத்தோடு சொல்வது மூன்றே சொல்: சிலம்பு உள கொண்ம். எடுத்துக்கொள் என்று அர்த்தம். திட்டவில்லை, அழவில்லை. அப்படிப்பட்டவள்தான் பிறகு பாண்டியனின் அவையில் நின்று அவனைத் தேரா மன்னன் என்கிறாள். ஃபார்ஸ்டர் முழுமையான பாத்திரத்துக்கு வைக்கும் சோதனை இதுதான்: அவர் நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டும், அதே சமயம் நம்பவும் வைக்க வேண்டும். கண்ணகி இரண்டையும் செய்கிறாள். அதே சிலம்பு, அதே கை.

மதிய அமர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகையில் ஒரு கூம்பு வரைந்தார்கள். குஸ்தாவ் ஃப்ரெய்டாக் என்ற ஜெர்மானியர் 1863-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. அவர் அதை நாடகங்களுக்காக, அதுவும் ஐந்து அங்க நாடகங்களை மனதில் வைத்துச் சொன்னார். நமக்கு நான்கு பக்கச் சிறுகதையை அந்தக் கூம்புக்குள் திணிக்கச் சொன்னார்கள். பின்வரிசைக் கல்லூரிப் பையன் ஒருவன் பத்து நிமிடத்தில் திணித்துவிட்டுப் பாராட்டும் வாங்கினான். கதை பூராவும் கூம்புதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு 64 கேள்விகள் கொண்ட ஒரு படிவம். உங்கள் பாத்திரத்துக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த சிற்றுண்டி எது, சின்ன வயதில் எதற்குப் பயப்பட்டார், ரத்த வகை என்ன. ரத்த வகையைக்கூடக் கேட்டிருந்தார்கள் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, 41-ஆவது கேள்வி. என் தொழிலே படிவம் நிரப்புவது. ஒரு மணி நேரத்தில் 64-ஐயும் நிரப்பினேன். நிரப்பி முடித்துப் பார்த்தால், என் கதையில் வரும் அம்மாளுக்கு ஆதார் அட்டை எடுத்துக் கொடுத்தது போல இருந்தது. ஆள் இன்னும் வரவில்லை. இந்த அமர்வை அப்படியே எடுத்துவிட்டு, தமிழாசிரியரிடம் மைக்கைக் கொடுத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாம் நாளுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று ராத்திரி யோசித்தது உண்மை. கட்டிய பணத்துக்காகப் போனேன். நல்லவேளை.

காலையில் வந்தவர் நாடகக் குழு நடத்தும் ஓர் அம்மா. பையிலிருந்து ஒரு பொம்மைத் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யார் எந்த ஊர், என்ன வேலை என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஆனது. எங்கள் 31 பேரின் கண்ணும் துப்பாக்கியில்தான். பிறகு கேட்டார்: "எல்லாரும் ஏன் அதையே பாக்கறீங்க?"

சுடும் எண்ணம் யாருக்கும் இல்லையென்றால் குண்டு போட்ட துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889-இல் ஒரு கடிதத்தில் எழுதியதைச் சொன்னார். இது நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை. அதே செகாவ் 'வான்யா மாமா' நாடகத்தில் துப்பாக்கியை என்ன செய்தார் என்று கேட்டார். 1899-இல் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறிய நாடகம். அதன் கதையைச் சொல்லச் சொல்ல நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் அது என் மேஜைக்கு வரும் கேஸ்.

ஒரு பண்ணை. வான்யாவின் அப்பா தன் மகளுக்குச் சீராக 95,000 ரூபிளுக்கு வாங்கியது. 70,000-ஐக் கட்டிவிட்டார், 25,000 கடன் நின்றது. சகோதரி மேல் இருந்த பாசத்தில் வான்யா தன் பங்கை அவளுக்கே விட்டுக்கொடுத்தார். அதாவது விடுதலைப் பத்திரம். அதற்கு மேல் பத்து வருடம் மாடாக உழைத்துக் கடனையும் அடைத்தார். சகோதரி செத்துப்போனாள். அவள் கணவர் ஒரு பேராசிரியர். 25 வருடமாக வான்யா அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் இரண்டாம் மனைவியோடு வந்து தங்கி, மூன்றாவது அங்கத்தில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, இதில் வருமானம் குறைவு, விற்றுப் பணத்தை வட்டி தரும் கடன்பத்திரங்களில் போடலாம் என்கிறார். சட்டப்படி சொத்து மகள் சோனியாவுடையது. அவள் கையெழுத்து இல்லாமல் எந்தச் சார்பதிவாளரும் அதைப் பதியமாட்டார் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஹாலில் சிரிப்பு. "கரெக்ட் சார், வான்யாவும் அதைத்தான் கத்தறார்" என்றார் அந்த அம்மா.

வான்யா துப்பாக்கியை எடுக்கிறார். சுடுகிறார். படவில்லை. கிட்டத்தில் நின்று மறுபடி சுடுகிறார். அதுவும் படவில்லை.

"பட்டிருந்தா என்ன கதை? படாததால என்ன கதை?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் எங்களை யோசிக்க விட்டார். அந்த ஐந்து நிமிடம்தான் பட்டறை. பட்டிருந்தால் கோபக்காரர் ஒருவர் மச்சானைக் கொன்ற கதை, எந்த ஊர் செய்தித்தாளிலும் இருக்கும். படாமல் போனதால்தான் அது வான்யா. பங்கை விட்டுக்கொடுத்ததில் இருந்து அந்த மனிதரின் கை தனக்காக எதையும் சரியாகப் பிடித்ததில்லை. துப்பாக்கியையும் பிடிக்கவில்லை. சம்பவம் என்ற கணக்கில் பார்த்தால் அந்தத் துப்பாக்கியால் ஒன்றுமே நடக்கவில்லை. பேராசிரியர் கிளம்பிப் போகிறார், பணம் பழையபடி வரும் என்று வான்யாவே சொல்கிறார். கடைசி அங்கத்தில் வான்யாவும் சோனியாவும் மேஜையில் உட்கார்ந்து நின்றுபோன கணக்கை எழுதுகிறார்கள்: பிப்ரவரி 2, எண்ணெய் 20 பவுண்டு. எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டில் எழவு விழுந்த மறுநாள் வந்து பட்டா நம்பர் சொல்லி எழுதச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமர்வு முடிந்ததும் பொம்மைத் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டார். "மேடம், கடைசிவரை சுடவே இல்லையே" என்றான் கூம்புப் பையன். அவர் ஜிப்பை இழுத்து மூடினார், அவ்வளவுதான்.

மதியம் அவரவர் கதையை வாசிக்க வேண்டும். என்னுடையது ஒரு விடுதலைப் பத்திரக் கதை. பரம்பரைச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்தது. அதற்குப் பிறகு அக்கா தங்கைகள் வந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவது என் தொழிலில் அன்றாடம். உரிமை வந்தால்தானே விட்டுக்கொடுக்க முடியும். அப்படி ஒரு அம்மாளைப் பற்றி எழுதியிருந்தேன்: வந்தார், கையெழுத்துப் போட்டார், தம்பிகள் டீ வாங்கிக் கொடுத்தார்கள், பஸ் ஏறினார். சோகமாக ஒரு கடைசி வரி.

நாடகக்கார அம்மா கேட்டார்: "இந்த அம்மாவுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்னுதானே எழுதிக் குடுக்கறாங்க" என்றேன்.

"அது உங்க பத்திரம் சொல்றது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

கேட்டார். அதை நான் கதையில் எழுதவே இல்லை, முக்கியமில்லை என்று நினைத்துவிட்டேன். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா அரைச்ச ஆட்டுக்கல்லு பின்கட்டுல கிடக்கு. அது எனக்குன்னு ஒரு வரி எழுதுங்கய்யா" என்றார். ஆட்டுக்கல்லெல்லாம் சொத்து விபரத்தில் வராதும்மா என்றேன். "எடுத்துக்கிட்டுப் போயேன்க்கா, யாரு வேணாங்கறா" என்றார் தம்பி. அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவருக்குக் கல் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. நான் எழுதவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. தமிழாசிரியர் மட்டும், "அதுதான் சார் சிலம்பு" என்றார்.

ஊருக்கு வந்து அந்தக் கதையை முதலிலிருந்து எழுதினேன். பத்திர எழுத்தரும் இப்போது அதில் ஒரு பாத்திரம், அவ்வளவு நல்லவர் என்று சொல்ல முடியாதவர். முகாந்திர வரியை அப்படியே போட்டுவிட்டேன், அதற்குக் கீழே ஆட்டுக்கல். என் மனைவி படித்துவிட்டு வில்லங்கச் சான்று என்று சொல்லவில்லை. "அந்த ஒரு வரிய எழுதியிருந்தா என்ன குறைஞ்சுடப் போவுது உங்களுக்கு?" என்று கோபித்துக்கொண்டாள்.

அந்தக் கதையைத்தான் கருத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரம் என்றார்கள். இரண்டு முறை ஞாபகப்படுத்திய பிறகு 47-ஆம் நாள் வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரல்பதிவு வந்தது, முதல் நாள் நடத்துநரிடமிருந்து. முரண் போதவில்லையாம், உச்சம் முன்னாடியே வந்துவிட்டதாம், அந்தம்மாவுக்குப் பின்கதை வேண்டுமாம். கூம்பு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. கதையைப் படித்தவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி என் மனைவி கேட்டது.

போகலாமா என்று கேட்டால்: எழுதிப் பார்த்து எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் போகலாம், கையில் ஒரு கதையோடு போகவேண்டும். இன்னும் ஒன்றும் எழுதாதவர்கள் அந்த 64 கேள்வியைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவார்கள். இரண்டாம் நாள் மட்டும் வருவதற்குத் தனிக் கட்டணம் வைத்தால் 2,000 ரூபாய்கூடக் கொடுக்கலாம். போகிறவர்கள் நாற்காலிக்கு ஒரு குஷன் எடுத்துப் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போனை நோண்டாமல் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஆங், சான்றிதழ். என் பெயருக்கு முன்னால் இனிஷியலைத் தப்பாக அடித்துவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்று பதில். பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று தேவைப்படும் போலிருக்கிறது. எழுதுகூலி வேண்டாம், நானே எழுதிக் கொண்டுவருகிறேன், முகாந்திரத்தோடு.